பொந்தைக் காட்டாதவர்

"எனக்கு எப்ப கயிறு தருவிய, அக்கா?"

கோமதிநாயகம் கேட்டார். இரண்டு வருடமாகக் கேட்கிறார்.

பிலோமி முகக்கண்ணாடிகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னும் இல்ல."

"எனக்குப் பின்னால வந்த ரெக்சனுக்குக் கொடுத்திய."

"கொடுத்தேன்."

"எனக்கு என்ன குறை?"

"தெரியல."

"தெரியாமலா ரெண்டு வருஷம் நிறுத்தி வெச்சிருக்கிய?"

"என்ன குறைன்னு தெரியல. இருக்குன்னு தெரியும். இதைக் காய வைங்க."

காய வைத்தார்.

*

அவருக்கு அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பத்தெட்டு.

கரையில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். அவரும் அக்கா என்றார். முதல் வாரம் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

ரயிலில் கார்டாக இருந்தவர். முப்பத்தோரு வருடம் கடைசிப் பெட்டி. பச்சைக் கொடி காட்டுவது இவர். வண்டியை ஓட்டுவது வேறொருவர். ஓய்வு பெற்ற மறுமாதம் தென்காசி வீட்டைப் பூட்டினார். சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். கடலுக்கு வந்தார்.

"என்னத்துக்கு வந்திய?" என்று முதல் நாள் பிலோமி கேட்டாள்.

"ஒரு நாளாவது முன்னால போகணும்."

"கடல்ல முன்னால என்ன இருக்கு?"

"தெரியாது. பின்னால என்ன இருக்குன்னு தெரியும். அதான்."

இருக்கச் சொன்னாள்.

*

அங்கே படகு கிடையாது. கரையிலிருந்து நடந்தே இறங்க வேண்டும். முழங்கால். இடுப்பு. கழுத்து. அப்புறம் பவளப்பாறைத் திட்டு. ஊரில் அதைப் பார் என்பார்கள். அதிகம் போனால் இரண்டு ஆள் ஆழம். முகக்கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, நெஞ்சில் ஒரு மூச்சு. வேறெதுவும் வேண்டாம்.

கடலுக்குள் இருப்பதைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஒருவர் வேண்டும்.

லாரி டியூபில் காற்றடைத்து மிதக்கவிட்டிருப்பார்கள். அதன் மேல் சிவப்புக் கொடி. டியூபிலிருந்து நீளமான கயிறு. கயிற்றின் நுனி முன்னால் போகிறவர் இடுப்பில். பின்னால் வருகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

அந்த நுனியைத்தான் கோமதிநாயகம் கேட்டார்.

*

பிலோமியிடம் இரண்டு வழக்கம் உண்டு.

ஒன்று. கரையேறியவர் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே கேள்வி.

"என்ன பாத்திய?"

முதல் மாதம் கோமதிநாயகம் ஓடி வந்து சொன்னார்.

"பேத்தை மீன் பாத்தேன், அக்கா. பந்து மாதிரி உப்பிக்கிட்டு நின்னுச்சு. அவ்வளவு அழகு."

"பேத்தை பயந்தா உப்பும்."

"ஆமா."

"யாரைப் பாத்துப் பயந்துச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பேத்தையைப் பாக்கல. உங்களைப் பாத்துப் பயந்ததைப் பாத்திருக்கிய. தண்ணியைக் குடிச்சிட்டு மறுபடி போங்க."

போனார்.

"ஆமை பாத்தேன். சடார்னு திரும்பிப் போயிருச்சு."

"ஆமையோட முதுகைப் பாத்திருக்கிய."

"கோமாளி மீன் வந்து என் கண்ணாடியில முட்டுச்சு. நாலு தடவ. விரல் நீளம்கூட இல்ல, என்னா தைரியம்."

"எங்க நின்னிய?"

"சாமந்திப்பூ மாதிரி ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு மேல."

"அது அவன் வீடு. உங்க வீட்டுக் கூரையில ஒருத்தன் வந்து தொங்கினா நீங்க முட்ட மாட்டியளா?"

ரெக்சன் சிரித்தான். அவன் அந்த ஊர்க்காரன், அவருக்குப் பத்து நாள் பின்னால் சேர்ந்தவன். முப்பது வயது. சிரிப்புக்குக் குறைவில்லை.

"அண்ணாச்சி, நீங்க போற இடத்துல எல்லாம் ஒரு ரயில் போற மாதிரி இருக்கும் மீனுக்கு."

கோமதிநாயகம் பிலோமியைப் பார்த்தார்.

"அப்ப எதைத்தான் பாக்க?"

"நீங்க இல்லைன்னாலும் அது என்ன செய்யுமோ, அதை."

"நான் இருக்கும்போது அதை எப்படிப் பாக்க முடியும்?"

"அதுக்குத்தான் தினமும் போகச் சொல்லுதேன்."

*

இரண்டாவது வழக்கம். பொந்தைப் பார்த்தவர் பொந்து எங்கே என்று சொல்லக் கூடாது.

ஒருவர் சொன்னால் மறுநாள் பத்துப் பேர் அங்கே நிற்பார்கள். பத்துப் பேர் நின்றால் பொந்து காலியாகிவிடும்.

"யார்கிட்டயும் கூடாது. ரெக்சன்கிட்டயும் கூடாது. எங்கிட்டயும் கூடாது."

"உங்ககிட்ட ஏன் கூடாது?"

"எனக்கும் ரெண்டு கை இருக்கு."

*

ஒரு வருடம் போனது. எந்த மீன் எந்தக் கல்லில் பாசி தின்னும் என்று தெரிந்தது. மூச்சு நீண்டது. தொப்பை குறைந்தது.

கயிறு கிடைக்கவில்லை.

"பவளம் செத்துப்போன கல்லாப் பாத்துப் பிடிச்சுக்கிட்டுக் கிடங்க" என்றாள் பிலோமி. "எதையும் தேடாதிய."

கிடந்தார். மூச்சு முடிந்தால் மேலே. மூச்சு வாங்கி மறுபடி கீழே. அதே கல்.

ஒரு மாதம் அதே கல். முதலில் மீன்கள் விலகின. பிறகு விலகவில்லை. ஒரு களவா மீன், சின்னக் குடம் அளவு, வாயைத் திறந்துகொண்டு நின்றது. நீலக் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று அந்த வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கில் மேய்ந்தது. களவா வாயை மூடவில்லை.

வந்து சொன்னார்.

"எப்ப மூடுச்சு?" என்றாள்.

"நான் மேலே வரும்போது."

"ம்."

அந்த 'ம்' அவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

"இப்பவாவது கயிறு?"

"இல்ல."

"எதைச் சொன்னாலும் செய்யுதேன். அதே கல்லுன்னிய, அதே கல்லுல கிடந்தேன். வேற என்ன செய்ய?"

"அதான் எனக்கும் தெரியல."

*

பங்குனியில் ஒருநாள் அந்தப் பொந்தைப் பார்த்தார்.

கடல் அன்று எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஈரமாக இருந்தது.

கல்லடியில் கையகல ஓட்டை. வாசலில் நாலைந்து சிப்பி ஓடு. உள்ளே ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு மேலே பார்த்து உட்கார்ந்திருந்தது. பொந்தின் கூரையிலிருந்து வெள்ளையாகச் சரம் சரமாகத் தொங்கியது. அரிசியை நூலில் கோத்ததுபோல.

முட்டை.

பேய்க்கணவாய் அந்தச் சரங்களின் மேல் தண்ணீரை ஊதியது. ஒரு கையால் ஒரு சரத்தை நீவியது. அடுத்த சரம். மறுபடி ஊதியது.

அவரைப் பார்த்தது. நிறம் மாறவில்லை. மை கக்கவில்லை.

நீவிக்கொண்டே இருந்தது.

கரையேறினார்.

"என்ன பாத்திய?"

சொன்னார்.

"அது உங்களைப் பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு ஊதிக்கிட்டு இருந்துச்சு."

பிலோமி தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதுவரை அவரேதான் எடுத்துக் குடிப்பார்.

*

தினமும் போனார்.

பேய்க்கணவாய் இளைத்துக்கொண்டே வந்தது. தோல் தொளதொளத்தது.

"அது எதையும் தின்னு நான் பாக்கல, அக்கா."

"தின்னாது."

"எத்தனை நாளா?"

"முட்டை வெச்ச நாள்லேர்ந்து."

"எப்ப தின்னும்?"

"தின்னவே தின்னாது. முட்டை பொரியிற வரை காக்கும். பொரிஞ்சதும் செத்துரும்."

"ஒரு வாய் தின்னுட்டு வந்து காக்க வேண்டியதுதானே?"

"போன நேரத்துல மீனெல்லாம் முட்டையைத் தின்னுரும். சுத்தி நிக்கும், பாத்திருப்பியளே."

பார்த்திருந்தார். குட்டி மீன்கள். பத்துப் பதினைந்து. எப்போதும் நின்றன.

"நாம ஒண்ணும் கொடுக்க முடியாதா?"

பிலோமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொடுத்துப் பாருங்க."

ஒரு நண்டைப் பிடித்தார். கால் விரலில் இரண்டு கடி வாங்கினார். பொந்து வாசலில் விட்டார்.

ஒரு கை வந்தது. நண்டைத் தடவியது. போனது. உள்ளிருந்து ஒரு ஊதல். நண்டு வெளியே உருண்டது.

மறுபடி வைத்தார். மறுபடி ஊதியது. இந்த முறை மணலும் சேர்ந்து வந்து அவர் கண்ணாடியில் விழுந்தது.

மூன்றாவது தடவை வைத்தார். பேய்க்கணவாய் ஒரு கல்லை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது.

கரையேறினார்.

"என்ன பாத்திய?"

"வேண்டாம்னுது."

"எத்தனை தடவ?"

"மூணு."

"ஒரு தடவ சொன்னா உங்களுக்கு விளங்காதோ?"

*

அடுத்த வாரம் கார் வந்தது.

இறங்கியவர் குடை பிடித்திருந்தார். தண்ணீரில் ஆட்களை இறக்க வருடா வருடம் ஒரு கடிதம் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். கடிதம் இல்லாவிட்டால் பிலோமி வெளியூர் ஆள் யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. பழைய கடிதம் அந்த வாரக் கடைசியில் முடிகிறது.

பொல்லாதவர் இல்லை. இளநீர் கொடுத்தார்கள். மிச்சமில்லாமல் குடித்தார். கண்ணாடிகளை எண்ணிப் பார்த்தார். டியூபை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியென்றார்.

"ஏம்மா, இங்க என்னதான் பாக்க வராங்க?"

பிலோமி சொன்னாள். ஆமை. களவா. கோமாளி மீன். பேய்க்கணவாய்.

"பேய்க்கணவாயா? தட்டுல பாத்திருக்கேன். உயிரோட பாத்ததே இல்ல."

"இருக்கு, சார்."

"எனக்கு நீச்சல் வராது. ஒண்ணைப் பிடிச்சு ஒரு வாளியில காட்டுங்களேன். கையில வெச்சு ஒரு படம் எடுத்துக்கறேன். ஆபீஸ் சுவத்துல மாட்டலாம். உடனே விட்டுருவோம்."

கடிதத்தை மடியில் வைத்திருந்தார். பேனாவைத் திறந்திருந்தார்.

பிலோமி கடலைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி" என்றாள்.

கோமதிநாயகம் வந்தார்.

"உங்க பேய்க்கணவாயைப் பிடிச்சிட்டு வாங்க."

அவருக்குத் தவறாகக் கேட்டதோ என்று தோன்றியது.

"எதை?"

"பொந்துல இருக்கே, அதை. இப்ப வேற எங்க தேட?"

சுவரில் சாத்தியிருந்த இரும்புக் கொக்கியை எடுத்துக் கொடுத்தாள். கண்ணை அவர் முகத்துக்கு உயர்த்தவில்லை.

ரெக்சன் சிரிக்கவில்லை.

கோமதிநாயகம் கொக்கியை வாங்கினார். சொன்னதைச் செய்கிறவர். தண்ணீருக்கு நடந்தார். முழங்கால். இடுப்பு. கழுத்து.

*

மூன்று தடவை முங்கினார்.

முதல் தடவை பொந்து வாசலில் கிடந்த கல்லை விலக்கினார். பேய்க்கணவாய் பார்த்தது. சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நீவிக்கொண்டிருந்தது. முட்டைகளுக்குள் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. இரண்டிரண்டு புள்ளி.

கண்கள்.

இரண்டாம் தடவை கொக்கியை உள்ளே விட்டார். எட்டியது.

ஒரு கை வந்தது. கொக்கியின் நுனியைத் தடவியது. கம்பி வழியாக மேலே வந்தது. அவர் விரல்களைத் தடவியது. ஒவ்வொன்றாக. பிறகு கொக்கியையும் விரலையும் சேர்த்து வெளியே தள்ளியது.

பலமே இல்லை. நோயாளி போர்வையைத் தள்ளுகிற அளவுதான்.

அந்தக் கை விலகிய இடத்தில் ஒரு குட்டி மீன் பாய்ந்தது. பேய்க்கணவாய் அதை விரட்டியது. மறுபடி அவரைத் தள்ளியது.

மூன்றாம் தடவை கல்லை வாசலில் திரும்ப வைத்தார்.

*

கரையேறினார். கையில் கொக்கி மட்டும்.

பிலோமி 'கிடைச்சுதா' என்று கேட்டிருக்கலாம். அவர் இல்லையென்று தலையை ஆட்டியிருப்பார். வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். கதை முடிந்திருக்கும்.

வருடக்கணக்காகப் பழகிய வாய். அதையே கேட்டது.

"என்ன பாத்திய?"

தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். அவர் சொன்னார்.

"இருக்கு. முட்டை மேல இருக்கு. முட்டைக்குக் கண்ணு வந்துருச்சு."

குடைக்காரர் எழுந்தார்.

"இருக்கா? அப்புறம் எங்கே?"

"பிடிக்கல."

"கை எட்டலையா?"

"எட்டுச்சு."

"பின்னே?"

"பிடிக்க மாட்டேன்."

ரெக்சன் டியூபில் காற்று இருக்கிறதா என்று மறுபடி அமுக்கிப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷம்தான், அண்ணாச்சி" என்றாள் பிலோமி. "படம் எடுத்துட்டு விட்டுரலாம்."

"ரெண்டு நிமிஷத்துல மீன் தின்னுரும்."

"தின்னாது."

"தின்னும்னு நீங்கதான் சொன்னிய."

குடைக்காரர் பிலோமியைப் பார்த்தார்.

"ஏம்மா, இவரு உங்கிட்டக் கத்துக்க வந்தவரா, இல்ல நீ அவருகிட்டக் கத்துக்க வந்தியா?"

பிலோமியின் காது சிவந்தது.

"நீயே போய் எடுத்துட்டு வாயேன்."

"எனக்கு இடம் தெரியாது, சார்."

"உன் கடல்ல உனக்கு இடம் தெரியாதா?"

"அண்ணாச்சி, இடத்தைச் சொல்லுங்க. ரெக்சன் போகட்டும்."

"சொல்லக் கூடாதுன்னிய."

"இப்ப நான்தான் கேக்கேன்."

"உங்களுக்கும் கூடாதுன்னிய."

"அண்ணாச்சி."

"மாட்டேன்."

பிலோமி அவர் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"கயிறு கேட்டியளே. பிடிச்சிட்டு வாங்க. இன்னிக்கே தாரேன். இதோ, இவரு முன்னாலயே உங்க இடுப்புல கட்டுதேன்."

கோமதிநாயகம் டியூபைப் பார்த்தார். சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

கொக்கியை அவள் காலடியில் வைத்தார்.

"வேண்டாம்."

"அப்ப சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"கிளம்ப மாட்டேன்."

"என்னது?"

"முட்டை பொரியட்டும். அதுக்கப்புறம் சொல்லுங்க, போறேன்."

மணலில் உட்கார்ந்தார். ஈரத் துணியோடு. அறுபது தாண்டிய ஆளை யார் தூக்குவது.

குடைக்காரர் பேனாவை மூடினார்.

"கடிதத்தை அப்புறம் பார்ப்போம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது.

கார் போனது.

*

அன்று முழுக்கப் பிலோமி அலசிய கண்ணாடிகளை மறுபடி அலசினாள்.

சாயங்காலம் ரெக்சன் டீ கொண்டு வந்தான். கோமதிநாயகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, விளங்குதா உங்களுக்கு?"

"என்ன விளங்கணும்?"

"அது சோதனை."

"எது?"

"அக்கா பிடிக்கச் சொன்னது. தொடாதே தொடாதேன்னு ரெண்டு வருஷம் சொன்ன ஆளு, பிடிச்சிட்டு வாங்கன்னுதா. நெசமாவா சொல்லுவா? உங்களைச் சோதிச்சிருக்கா. நீங்க பாஸ்."

"கடிதம் போயிருச்சே."

"பெரிய சோதனைன்னா செலவு இருக்கும்லா."

கோமதிநாயகம் டீயைக் குடித்தார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார்.

நன்றாகத் தூங்கினார்.

*

கடிதம் வரவில்லை.

வந்த ஆட்களைப் பிலோமி திருப்பி அனுப்பினாள். ஒரு வாரத்தில் வருவது நின்றது. ரெக்சன் வலை இழுக்கப் போனான். கரையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

அவள் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

காலையில் அவர் தண்ணீருக்குள் போவார். திரும்பி வருவார். செம்பில் தண்ணீர் இருக்கும்.

"என்ன பாத்திய?"

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. வேறு ஒரு சொல் இல்லை. உப்புக் கேட்டால்கூட உப்பு டப்பா வரும், சொல் வராது.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வர நேரமானது.

"என்ன பாத்திய?"

அவர் கண்ணாடியிலிருந்த தண்ணீரைக் கொட்டினார்.

"பொரிஞ்சிருச்சு. கூரையில வெறும் தோல்தான் தொங்குது. ரெண்டு மூணு குஞ்சு மிச்சம் இருந்துச்சு. உளுந்து அளவு. அதுக்கும் எட்டுக் கை. பெரிசு ஊதி ஊதி வெளிய தள்ளுச்சு."

"தாய்?"

"கடைசிக் குஞ்சு போனதும் ஊதறது நின்னுருச்சு. வெள்ளையாயிருச்சு. மீன் வந்து கையைக் கடிக்குது. தள்ளல."

"எவ்வளவு நேரம் இருந்திய?"

"அது அசையாமப் போற வரைக்கும்."

பிலோமி தலையாட்டினாள். செம்பை நீட்டவில்லை. எழுந்து போனாள். டியூபை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். கொடியைச் செருகினாள். கயிற்றின் நுனியைக் கொண்டு வந்தாள்.

"இடுப்பை நிமித்துங்க."

முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள்.

கோமதிநாயகம் முடிச்சைத் தொட்டார். கரையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை.

"யாரைக் கூட்டிக்கிட்டுப் போக?"

"நான் இருக்கேன்லா."

"கடிதம் இல்லாமலா?"

"பிறந்ததிலேர்ந்து முங்குதேன். எனக்கு எவன் கடிதம் தரணும்?"

இறங்கினார்கள். அவர் முன்னால். அவள் பின்னால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் டியூப் ஆடியது.

இடுப்பளவில் அவர் நின்றார். திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. இதைக் கேட்க இத்தனை நாள் காத்திருந்தார்.

"அக்கா, அன்னிக்கு என்னைச் சோதிச்சிய. அப்படித்தானே?"

"இல்ல."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நெசமாவா பிடிக்கச் சொன்னிய?"

"நெசமாத்தான்."

"நான் பிடிச்சிட்டு வந்திருந்தா?"

"வாளியில தண்ணி மொண்டு வெச்சிருந்தேன். நீங்க பாக்கல."

ஒரு சின்ன அலை வந்து இருவர் இடுப்பையும் கடந்து போனது.

பிலோமி கண்ணாடியில் துப்பித் தேய்த்தாள். முகத்தில் மாட்டினாள். தளர்ந்து கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது இறுகுவதற்காக நின்றாள்.